வாசகர் கேள்வி – பதில்: வெள்ளைச் சட்டை மிஷனரிகளின் ஒரு வாரம்

கேள்வி: வேலை நிமித்தமாக ஜப்பானில் வசிக்கிறேன். வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையும் அணிந்து மிதிவண்டியில் செல்லும் இரண்டு அமெரிக்க இளைஞர்களை ரயில் நிலையத்தின் அருகே அடிக்கடி பார்க்கிறேன். மார்மன் மிஷனரிகள் என்று உடன் பணிபுரிவோர் சொல்கிறார்கள். இருபது வயதுகூட நிரம்பாதவர்களாகத் தெரியும் இவர்கள் வாரம் முழுவதும் என்னதான் செய்கிறார்கள்?

பதில்: நீங்கள் பார்த்தவர்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’யைச் சேர்ந்தவர்கள். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவிய சபை இது. மார்மன்கள் என்ற பெயரே உலக வழக்கில் நிலைத்துவிட்டாலும், 2018 முதல் சபைத் தலைமை தங்களை முழுப் பெயராலேயே குறிப்பிடுமாறு கேட்டு வருகிறது. வாசகர்கள் அறிந்த பெயர் என்பதால் மட்டுமே பழைய பெயரை இங்கே கையாளுகிறேன்.

இவர்களுடைய வயதைப் பற்றிய உங்கள் கணிப்பு சரியானதே. 2012 அக்டோபரில் சபை தன் விதியைத் தளர்த்தி, ஆண்கள் 19 வயதிலும் பெண்கள் 21 வயதிலும் புறப்படலாம் என்று இருந்ததை முறையே 18, 19 என்று குறைத்தது; 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 என்று ஆக்கியது. ஆண்களுக்கு ஊழியக் காலம் 24 மாதங்கள், பெண்களுக்கு 18 மாதங்கள். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, பலர் முதன்முறையாக வீட்டைப் பிரிந்து, யூட்டாவின் ப்ரோவோ நகரிலுள்ள பயிற்சி நிலையத்திற்கோ பிற நாடுகளில் உள்ள பயிற்சி நிலையங்களுக்கோ செல்கிறார்கள். ஜப்பானிய மொழி போன்ற கடினமான மொழிக்கும் அங்கே கிடைப்பது ஏறத்தாழ 9 வாரப் பயிற்சிதான். அதன் பிறகு அவர்கள் மொழி கற்கும் இடம் தெருவாகிவிடுகிறது.

வாரத்தைத் திங்கட்கிழமையிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் அதுவே அவர்களுடைய ‘ஆயத்த நாள்’. துணி துவைப்பது, அறையைப் பெருக்கித் துடைப்பது, முடி வெட்டிக்கொள்வது, வாரத்திற்கான காய்கறியும் அரிசியும் வாங்குவது எல்லாம் அன்றைக்குத்தான். மீதமிருக்கும் நேரத்தில் கூடைப்பந்து ஆடலாம், ஊரில் உள்ள கோட்டையையோ தோட்டத்தையோ போய்ப் பார்க்கலாம். நீச்சலுக்கு மட்டும் அனுமதி இல்லை. வீட்டாரோடு பேசுவதும் வழக்கமாக அன்றுதான். ஜப்பானில் திங்கட்கிழமை காலை 9 மணி என்றால் யூட்டாவில் ஞாயிறு மாலை. அங்கே ஆராதனை முடிந்து குடும்பம் முழுவதும் வீட்டில் இருக்கும் நேரம் என்பதால், பெற்றோர், தம்பி தங்கைகள், பாட்டி எல்லோரையும் ஒரே திரையில் பார்த்துவிட முடிகிறது. மாலை ஆறு மணியளவில் இந்த ஓய்வு முடிந்து, அவர்கள் மீண்டும் பெயர்ப்பட்டையைக் குத்திக்கொண்டு புறப்பட வேண்டும்.

மற்ற நாட்களில் கடிகாரமே எஜமான். காலை 6:30 மணிக்கு எழுந்து, ஜெபம் செய்து, அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். குளியலும் காலை உணவும் முடிந்து எட்டு மணியளவில் வேத வாசிப்பு தொடங்குகிறது. முதலில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாசிக்கிறார்கள். பின்னர் இருவரும் சேர்ந்து அன்றைக்குச் சந்திக்கப் போகிறவர்களை மனதில் வைத்து, யாருக்கு எதைச் சொல்வது, எந்தக் கேள்வி வரக்கூடும் என்று ஒத்திகை பார்க்கிறார்கள். அந்நிய மொழி பேசும் நாடு என்பதால் அதற்கு மேலும் அரை மணியோ ஒரு மணியோ மொழிப் பாடம் இருக்கும். இரவு ஒன்பது மணியளவில் அறைக்குத் திரும்பி, மறுநாளைத் திட்டமிட்டு, 10:30 மணிக்குள் விளக்கை அணைக்க வேண்டும். 2017 முதல் இந்த அட்டவணையை அந்தந்த நாட்டின் வாழ்க்கைமுறைக்கு ஏற்பச் சற்று முன்பின்னாக மாற்றிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள்.

காலைப் படிப்பிற்கும் இரவுத் திட்டமிடலுக்கும் இடையிலுள்ள பத்து மணி நேரத்திற்கும் மேலான வெளியைத்தான் நீங்கள் ரயில் நிலையத்தருகே பார்க்கிறீர்கள். ஜப்பானிய நகரங்களில் பகல் வேளையில் பெரும்பாலான வீடுகளில் ஆளிருக்க மாட்டார்கள். இருப்பவர்களும் கதவைத் திறக்காமல் இன்டர்காம் வழியாகவே பணிவாக மறுத்துவிடுவார்கள். ஆகவே நிலைய வாசல், பூங்கா, கடைத்தெரு ஆகியவற்றில் வழிப்போக்கர்களோடு பேச்சுக் கொடுப்பதும், முன்பே அறிமுகமானவர்களைத் தேடிச் செல்வதும், ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்ட உறுப்பினர்களின் நலம் விசாரிப்பதும் பகலின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. இப்போது ஒவ்வொருவர் கையிலும் சபை அனுமதித்த செயலிகளுடன் ஒரு கைப்பேசி இருக்கிறது. ஃபேஸ்புக் வழியாக முதல் அறிமுகம் ஏற்படுவதும் சகஜமாகிவிட்டது.

வாரத்தில் ஒரு நாள் காலை, அருகருகே பணிபுரியும் சில இணைகள் ஒன்றுகூடி அனுபவங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. இன்னொரு மாலையில், ஜப்பானின் பல ஊர்களில், சபைக் கட்டடத்திலேயே இலவச ஆங்கில உரையாடல் வகுப்பு நடக்கிறது. இந்த வகுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். பணி ஓய்வு பெற்ற முதியவர்களும் இல்லத்தரசிகளும் மாணவர்களும் அங்கே வருகிறார்கள்; வகுப்பின் முடிவில் விருப்பமுள்ளவர்கள் மட்டும் இருந்து ஒரு சிறு ஆன்மிகச் செய்தியைக் கேட்கலாம். வாரம் முழுவதும் எதையோ ஏற்றுக்கொள்ளும்படி பிறரைக் கேட்டுக்கொண்டே இருக்கும் அந்த இளைஞர்களிடம், அந்த ஒரு மாலையில் மட்டும் மற்றவர்கள் தாமாகத் தேடிவந்து ஒன்றைக் கேட்டுப் பெறுகிறார்கள். ஊருக்கு உதவும் தொண்டு வேலைக்கும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கப்படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நாள். 2019 ஜனவரி முதல் மூன்று மணி நேர ஆராதனை இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டுள்ளது. அதில் மிஷனரிகள் சில நேரங்களில் சிற்றுரை ஆற்றவும் வேண்டியிருக்கும். இலக்கணம் தடுமாறும் ஜப்பானிய மொழியில் ஒரு பதினெட்டு வயது இளைஞன் முதியவர்கள் நிறைந்த அவையின் முன் நின்று பேசுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை உபவாச நாள். அடுத்தடுத்த இரண்டு வேளை உணவைத் தவிர்த்து, அதற்கான பணத்தை ஏழைகளுக்கென்று கொடுக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறு இரவும் வாரத்தின் கணக்கு மேலிடத்திற்குச் செல்கிறது. புதிதாக எத்தனை பேர் பாடம் கேட்கத் தொடங்கினார்கள், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை பேர் ஞானஸ்நானத்திற்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்பவையே அந்தக் கணக்கின் தலைப்புகள். அதைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கீழே இன்னொரு கேள்விக்கான பதிலில் அதைச் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கும் அதே வயதில் ஒரு மகன் இருக்கிறான். இந்தப் பிள்ளைகள் வாரத்திற்கு ஒருமுறைதான் பெற்றோருடன் பேச முடியும் என்றும், ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்க அனுமதி இல்லை என்றும் படித்தேன். ஒரு தாயாக எனக்கு இது கொடுமையாகத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால் வாரத்திற்கு ஒருமுறை என்பதே அண்மையில் வந்த தளர்வு. 2019 பிப்ரவரிக்கு முன்பு, மிஷனரிகள் வீட்டாரின் குரலைக் கேட்டது ஆண்டில் இரண்டே முறை: கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும். மற்ற வாரங்களில் மின்னஞ்சல் மட்டும். அதற்கும் முந்தைய தலைமுறைகளுக்குத் தபாலில் வரும் கடிதம் மட்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஒவ்வொரு வார ஆயத்த நாளிலும் தொலைபேசியிலோ காணொளியிலோ பேசலாம் என்ற அனுமதி வந்தது. வீட்டு நினைவு அதிகமானால் பிள்ளையின் மனம் ஊழியத்தில் ஒன்றாது என்பது பழைய விதிக்குச் சொல்லப்பட்ட காரணம். என் பார்வையில் அண்மைக் காலத்தில் அந்தச் சபை எடுத்த மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று அந்த விதியைக் கைவிட்டதுதான். ஏக்கம் என்பது பேச்சைத் தடுத்தால் அடங்கிவிடுவதில்லை. பேசக் கிடைத்த பிள்ளைதான் அடுத்த நாள் தெருவில் இறங்கும் தெம்பைப் பெறுகிறான்.

தனியாக இருக்கக்கூடாது என்ற விதி இதைவிடச் சிக்கலானது. குளியலறை நேரம் போன்ற சில சமயங்களைத் தவிர, இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவும் கேட்கவும் கூடிய தொலைவிலேயே எப்போதும் இருக்க வேண்டும். இயேசு தம் சீடர்களை இருவர் இருவராக அனுப்பினார் என்று சுவிசேஷங்கள் சொல்வதை இதற்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். நடைமுறைக் காரணங்களும் உண்டு: அந்நிய ஊரில் பாதுகாப்பு, நோயில் உதவி, பிறர் வீண்பழி சுமத்த இடம் கொடாமை, தடுமாற்றம் வந்தால் தாங்கிப்பிடிக்க ஒரு கை. எதிர்ப்பாலினத்தவர் ஒருவர் தனியாக இருக்கும் வீட்டிற்குள் சென்று அவர்கள் பாடம் சொல்வதில்லை. உடன் இன்னொரு பெரியவர் இருந்தாக வேண்டும். ஊழியக் காலத்தில் காதலுக்கும் இடமில்லை.

அந்த இணையை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை என்பதுதான் இதிலுள்ள உண்மையான கடினம். மிஷன் தலைவர் என்று ஒருவர் இருக்கிறார். மனைவியோடு மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதியில் தங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்களுக்குப் பொறுப்பேற்பவர். ஆறு வாரங்களுக்கு ஒருமுறை அவர் இடமாற்றங்களை முடிவு செய்கிறார். யார் எந்த ஊருக்கு, யாருடன் என்ற செய்தி வந்ததும் ஓரிரு நாட்களில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். புதிதாக வருபவருக்கு முதல் 12 வாரங்களுக்கு அனுபவமுள்ள ஒருவர் பயிற்சியாளராக அமைவார். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் துணையாக வரலாம். ஒருவன் யூட்டாவின் பெரிய மார்மன் குடும்பத்தில் பிறந்தவனாகவும், மற்றவன் பிரேசிலிலோ டோங்காவிலோ தன் குடும்பத்தில் முதன்முதலாகச் சபையில் சேர்ந்தவனாகவும் இருக்கலாம். ஒருவனுக்கு விடியலில் பாடிக்கொண்டே எழும் பழக்கம், மற்றவனுக்குக் காலை பத்து மணி வரை யாரும் பேசக் கூடாது. இருவரும் ஒரே சிறிய அறையில், ஒரே அடுப்பில், ஒரே கால அட்டவணையில் வாழ வேண்டும்.

இதற்கென்று அவர்களது வாராந்தரத் திட்டமிடலிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. இருவரும் எதிரெதிரே அமர்ந்து, தம் உறவில் எது நன்றாக இருக்கிறது, எது மனத்தை வருத்துகிறது என்பதை வெளிப்படையாகப் பேசி முடித்துவிட்டுத்தான் அடுத்த வாரத்திற்குள் நுழைய வேண்டும். எத்தனை திருமணங்களில் இப்படி வாரம் ஒருமுறை பேசும் வழக்கம் இருக்கிறது? மனத்தாங்கலை மூடி வைக்காமல் பேசித் தீர்க்க ஓர் இளைஞன் இந்த வயதில் கற்றுக்கொண்டால், பிற்காலத்தில் அவனோடு வாழப் போகிறவர்களுக்கும் அவனோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கும் அது பெரிய பேறு.

ஆயினும் எல்லோராலும் இதைத் தாங்க இயலுவதில்லை. மனச்சோர்வும் பதற்றமும் முற்றி, காலம் முடியுமுன்பே வீடு திரும்புவோர் உண்டு. மனநல ஆலோசகர்களின் உதவி இப்போது மிஷனரிகளுக்குக் கிடைக்கிறது. வெளிநாடு செல்ல இயலாதவர்கள் சொந்த ஊரிலேயே தங்கிச் சேவை செய்யும் வழியும் திறந்திருக்கிறது. இவையெல்லாம் நல்ல மாற்றங்கள். ஆனால் வழியனுப்பிய அதே ஊர், பாதியில் திரும்பிய பிள்ளையை ஒருவித மௌனத்தோடு வரவேற்பதாக, திரும்பிவந்த பலர் எழுதியிருக்கிறார்கள். கால் முறிந்து திரும்பிய பிள்ளையிடம் காட்டும் அதே பரிவை மனம் முறிந்து திரும்பிய பிள்ளையிடமும் காட்ட வேண்டும் என்பதில் எனக்கு எவ்வித ஐயமும் இல்லை. கொடுமை என்று நீங்கள் எழுதிய சொல், என்னைப் பொறுத்தவரை, அந்த மௌனத்திற்கே அதிகம் பொருந்துகிறது.

கேள்வி: இவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு? எந்த நாட்டிற்குப் போவது என்று இவர்களே முடிவு செய்கிறார்களா? அல்லது கட்டாயப்படுத்தி அனுப்புகிறார்களா?

பதில்: சம்பளம் என்பதே கிடையாது, செலவை அவர்களும் குடும்பத்தாருமே ஏற்கிறார்கள். அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து செல்வோர் 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலர் சபைக்குச் செலுத்துகிறார்கள்; அதற்கு முன்பு அது 400 டாலராக இருந்தது. 24 மாதங்களுக்குக் கணக்கிட்டால் 12,000 டாலர். மலிவான நாட்டிற்குச் செல்பவரும் ஜப்பான் போன்ற செலவு மிகுந்த நாட்டிற்குச் செல்பவரும் ஒரே தொகையையே செலுத்துகிறார்கள்; சபை அதைப் பொதுவில் திரட்டி, அந்தந்த ஊரின் விலைவாசிக்கு ஏற்ப வாடகைக்கும் உணவுக்கும் பகிர்ந்தளிக்கிறது. வசதியற்ற நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு உள்ளூர்ச் சபையும் பொது நிதியும் துணை நிற்கின்றன. சிறு வயதிலிருந்தே இதற்கென்று சேமித்து வரும் பிள்ளைகள் பலர்.

நாட்டை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. மருத்துவப் பரிசோதனை, பல் பரிசோதனை, உள்ளூர்த் தலைவர்களின் நேர்காணல்கள் முடிந்து விண்ணப்பம் சென்றதும், சபையின் அப்போஸ்தலர் குழுவைச் சேர்ந்த ஒருவர் அதைப் பார்த்து, ஜெபித்து, இடத்தை ஒதுக்குகிறார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. முன்பு தபாலில் பெரிய வெள்ளை உறையில் வந்த அழைப்புக் கடிதம் இப்போது இணையத்தில் வருகிறது. உற்றார் உறவினர் சூழ அதைத் திறந்து படிப்பது அக்குடும்பங்களில் ஒரு விழா.

கட்டாயமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல இயலாது. எந்தச் சட்டமும் இல்லை, போகாதவரைச் சபை நீக்குவதும் இல்லை. பெண்கள் விரும்பினால் போகலாம் என்று சொல்லும் சபை, உடல், மனம், ஒழுக்கம் ஆகியவற்றில் தகுதியுள்ள ஆண்களுக்கு அது கடமை என்றே போதிக்கிறது. தந்தையும் அண்ணனும் போய் வந்த வீட்டில், கூடப்படித்த நண்பர்கள் எல்லோரும் கிளம்பும் ஊரில், ஒரு பதினெட்டு வயது இளைஞன் ‘எனக்கு நம்பிக்கை வரவில்லை’ என்று சொல்வது எளிதன்று. உள்ளத்திலிருந்து எழுந்த விருப்பத்தால் செல்பவர்களே மிகுதி என்று நான் நம்புகிறேன். என்றாலும், பெற்றோரின் முகத்திற்காகக் கிளம்பிய ஒருவன் அந்நிய ஊரின் மழையில் மிதிவண்டி மிதிக்கும்போது சுமக்கும் பாரம், மற்றவர்களுடையதைவிட அதிகம்.

கேள்வி: ஜப்பானில் யார் வீட்டிற்குப் போனாலும் முதலில் வருவது பச்சைத் தேநீர். இவர்கள் அதைக் குடிப்பதில்லையாமே?

பதில்: ஆம். மது, புகையிலை, காபி, தேநீர் நான்கையும் விலக்கும் உணவு நெறி 1833 முதல் அவர்களுக்கு உண்டு. பச்சைத் தேநீரும் அதில் அடங்கும் என்பதை 2019இல் சபை மீண்டும் தெளிவுபடுத்தியது. உபசரிப்பை மறுப்பது எந்த நாட்டிலும் சங்கடம்தான். வறுத்த வாற்கோதுமையில் தயாரிக்கும் பானம் ஜப்பானிய வீடுகளில் சாதாரணமாக இருக்கும். அதில் தேயிலை இல்லாததால் அதை அவர்கள் மகிழ்ச்சியோடு குடிப்பார்கள்.

கேள்வி: ஜப்பான் மக்களில் கிறிஸ்தவர்களே ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். இரண்டு ஆண்டுகள் உழைத்தும் ஓரிருவர்கூடச் சபையில் சேராமல் திரும்புகிறவர்கள் உண்டு என்கிறார்கள். இது இளமையை வீணாக்குவது ஆகாதா?

பதில்: இக்கேள்விக்கு அந்த நாட்டில் அச்சபையின் வரலாறே பாதிப் பதிலைச் சொல்கிறது. 1901 ஆகஸ்டில் யோகோஹாமா துறைமுகத்தில் வந்திறங்கிய நால்வரில் தலைமையானவர் ஹீபர் ஜே. கிராண்ட், இளையவர் 19 வயதேயான ஆல்மா டெய்லர். இருவருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. கிராண்ட் இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிட்டார். டெய்லர் தங்கி, மொழியைக் கற்று, தம் சபையின் வேதமாகிய மார்மன் புஸ்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்க்கும் பெரும்பணியில் இறங்கினார். 1909இல் அது வெளிவந்தபோது அவர் ஊர் திரும்பாமலே எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. இத்தனை உழைப்பிற்குப் பிறகும் 23 ஆண்டுகளில் சபையில் சேர்ந்தவர்கள் இருநூறு பேரைக்கூட எட்டவில்லை. 1924இல் அந்த மிஷனை மூட உத்தரவிட்டவர், அப்போது சபையின் தலைவராகிவிட்டிருந்த அதே கிராண்ட். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948இல்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. 1980இல் ஆசியாவிலேயே முதலாவதாக டோக்கியோவில் அவர்களது ஆலயம் எழுந்தது. இன்று சபையின் கணக்குப்படி ஜப்பானில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தவறாமல் ஆராதனைக்கு வருவோர் அதில் ஒரு பகுதியினரே.

எண்ணிக்கையை மட்டுமே பிடித்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கும் அதே நாட்டில் சான்று இருக்கிறது. 1970களின் இறுதியில் டோக்கியோவின் தென்பகுதி மிஷனில் ஞானஸ்நானத்தை விரைவுபடுத்தும் முறைகள் கையாளப்பட்டன. தெருவில் சந்தித்த இளைஞர்களுக்குச் சுருக்கமான பாடங்களைச் சொல்லி, மிகக் குறுகிய காலத்தில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள், அவர்களில் மிகப் பலர் அதன் பின் ஆராதனைக்கே வரவில்லை. அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை அடுத்தடுத்து வந்த மிஷனரிகளின் தலையிலும் சிறிய உள்ளூர்ச் சபைகளின் தலையிலும் விழுந்தது. அச்சபையின் வரலாற்றாய்வாளர்களே இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அனுப்பப்படும் வாராந்தரக் கணக்கைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். நேர்மையாக ஆறு நாள் உழைத்த ஒரு பெண், எல்லாப் பத்திகளிலும் சுழியம் எழுதி அனுப்பிவிட்டுப் படுக்கப் போவதை எண்ணிப் பாருங்கள். பிறர் எடுக்கும் முடிவை இவளது உழைப்பின் அளவுகோலாக வைப்பது முறையன்று. ஊழியரின் வெற்றி அவருடைய ஈடுபாட்டைப் பொறுத்தது, பிறரது தேர்வைப் பொறுத்தது அன்று என்று அவர்களுடைய பயிற்சிக் கையேடும் போதிக்கிறது. அந்தப் போதனை சரியானது. கணக்குப் பத்திகளும் அதற்கேற்ப மாற வேண்டும்.

சபையில் சேர்வது எளிதான முடிவும் அன்று. பல பாடங்களைக் கேட்டு, ஆராதனைக்கு வரத் தொடங்கி, புகையையும் மதுவையும் தேநீரையும் விட்டு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுக்க ஒப்புக்கொண்ட பிறகே ஒருவருக்கு ஞானஸ்நானம் கிடைக்கிறது. அலுவலகத் தோழர்களோடு மாலையில் மது அருந்துவதும், முன்னோர் வழிபாட்டுக்கென வீட்டில் சிறு மாடம் வைத்திருப்பதும் உறவின் அடையாளங்களாக இருக்கும் ஒரு சமூகத்தில், இந்த முடிவு தனி மனிதரோடு நிற்பதில்லை. குடும்பத்தையும் வேலையிடத்தையும் தொடுகிறது. அதனால் மறுப்பவர்கள் மேல் குறை சொல்ல ஏதுமில்லை.

வீணா என்று கேட்டீர்கள். நான் அவர்களது சபையைச் சேர்ந்தவன் அல்லன்; அவர்களது இறையியலின் பல பகுதிகள் எனக்கு உடன்பாடானவையும் அல்ல. எனினும் இரண்டு ஆண்டுகள் ஒரு மக்களின் மொழியில் பேசி, அவர்கள் வீட்டு நோயாளிகளுக்காக ஜெபித்து, முதியவரின் தோட்டத்தில் களை பறித்து, அவர்களது மறுப்பைத் தலைவணங்கி ஏற்றுப் பழகிய ஒருவன், அந்த நாட்டை ஒரு சுற்றுலாப் பயணியைவிட ஆழமாக அறிவான். ஊழியம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஜப்பானிய மொழியையே தொழிலாக்கிக்கொண்டவர்களும், தாம் பணிபுரிந்த ஊரின் மக்களோடு கடிதத் தொடர்பை விடாதவர்களும் இருக்கிறார்கள். இளமையின் இரண்டு ஆண்டுகளை இதைவிட மோசமாகச் செலவிடும் வழிகள் நிறையவே உள்ளன.

கேள்வி: எனக்கு மதம் மாறும் எண்ணம் இல்லை. ஆனால் அவர்கள் வந்து நிற்கும்போது முகத்திலடித்தாற்போல் அனுப்பவும் மனம் வரவில்லை. எப்படி மறுப்பது?

பதில்: தெளிவாக, ஒரே முறையில் மறுத்துவிடுங்கள். ‘இப்போது வேலை இருக்கிறது, பிறகு வாருங்கள்’ என்று தாட்சண்யத்திற்காகச் சொன்னால், அதை உண்மையென்று எடுத்துக்கொண்டு அடுத்த வாரத் திட்டத்தில் உங்கள் பெயரை எழுதிக்கொள்வார்கள். குறித்த நேரத்தில் வெகு தூரம் மிதிவண்டி மிதித்து வந்து நிற்பார்கள். ‘எனக்கு என் நம்பிக்கையே போதும், இதில் விருப்பமில்லை, மீண்டும் வர வேண்டாம்’ என்று சொல்வதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. அவர்களுக்குப் பழகிப்போன பதில் அது. மாறாக, மதத்தைப் பற்றி விவாதிக்க விருப்பமில்லாமலேயே அவர்களை உட்காரவைத்து, அவர்களது நம்பிக்கையைத் துளைத்துத் துளைத்துக் கேட்டு மகிழ்வதைத் தவிர்த்துவிடுங்கள்; எதிரே இருப்பவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள்.

வெயில் நாளாக இருந்தால் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கலாம். ஊர் எது, எத்தனை மாதங்கள் ஆயின, மொழி எப்படி வருகிறது என்று விசாரிக்கலாம். அந்தக் கேள்விகளுக்கு அவர்கள் முகம் மலர்ந்து பதில் சொல்வார்கள். வாசலில் நின்று பேச நேரமில்லாதவர்கள், விருப்பமிருந்தால், ஆங்கில வகுப்பு எந்தக் கிழமையில் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சபையில் சேர வேண்டியதில்லை.